வீண் சூடு

பத்தொன்பது வருடம் எரிந்த பாய்லரைப்
பிளந்து போட்ட பிறகுதான் பார்த்தோம்,
உள்சுவர் முழுக்க இரண்டு விரல் கனத்துக்குக் கல்.
போர் தண்ணீரின் உப்பு.
"நீங்க போட்டதுல பாதி
இந்தக் கல்லுக்குத்தானுங்க்கா போயிருக்குது"
என்றான் சாதிக், ஸ்பேனரால் தட்டியபடி.
இரும்பு எடுக்க வந்த மயில்சாமி
கல்லை உதிர்த்துவிட்டுத்தான் தராசில் ஏற்றினார்.
"இதுக்கும் நானு காசு குடுக்கோணுமாக்கும்?"

கொங்கு மெயின் ரோட்டுக்குப் பின்னால்
என் வீடு, அதன் முதுகில் ஏழு லைன் வீடு.
எட்டுக் குடும்பத்துக்கும் ஒரே வெந்நீர்.
கம்பெனி வேன் ஏழே முக்காலுக்கு வந்துவிடும்,
அதனால் நாலரைக்கே எழுந்து
கட்டிங் வேஸ்ட்டை அள்ளித் திணிப்பேன்.
பனியன் துணியில் சிவப்பு ஒரு மாதிரி எரியும்,
கறுப்பு வேறு மாதிரி நாறும்.
பக்கத்துக் கம்பெனியில் என்ன ஆர்டர் ஓடுகிறதென்று
புகையை முகர்ந்தே சொல்லிவிடுவேன்.
எதிர்வீட்டு மாடியில் காயும் வேட்டிக்கும்
அது தெரியும்.
அந்த வேஸ்ட்டையும் இப்போது
நூல் மில்லுக்குக் கிலோ போட்டு வாங்கிப் போகிறார்கள்.
எரிக்க முடியாத விலை வந்துவிட்டது குப்பைக்கு.

சொசைட்டியில் கடன்.
வெளியே கம்பிக் கூண்டுக்குள் நான்கு சிலிண்டர்.
சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி,
அரிசி மூட்டையை நிறுத்தி வைத்த உயரம்.
"புகைக்குழாயத் தொட்டுப் பாருங்க்கா."
கையை நீட்டினேன், இழுத்துக்கொண்டேன், மறுபடி நீட்டினேன்.
பத்தொன்பது வருடப் பழக்கம் முழங்கையில் இருந்தது.
காய்ச்சல் விட்ட நெற்றி போலிருந்தது குழாய்.
அதுவும் பிளாஸ்டிக்.

"எரிஞ்சா ஆவி வருமுங்க்கா,
அதுக்குள்ள இன்னும் சூடு இருக்குது.
பழசு அதைய மானத்துக்கு அனுப்பிருச்சு.
இது மறிச்சு, குளிர வெச்சு,
அந்தச் சூட்டையும் புடுங்கிக்கும்.
மிச்சம் வெறும் தண்ணி."
சொட்டிக்கொண்டிருந்தது, ஒரு சின்னக் குழாயில்.
தீயிலிருந்து தண்ணீர்.
எட்டு நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வரும் தெரு இது,
ஓடிப் போய் வாளி வைத்தேன்.
சாதிக் சிரித்தான்.
"புளிப்புங்க்கா, செடிக்குக்கூட ஆகாது."
ஆகாவிட்டால் என்ன,
உப்புப் பூத்த குழாய்த் தலையை
ராத்திரி முழுக்க அதில் ஊறப் போட்டேன்.
விடிந்ததும் கொஞ்சம் வழுக்கியது.
கொஞ்சந்தான்.

முதல் மாதம் கணக்குப் போட்டேன்.
நிஜந்தான், குறைந்திருந்தது.
ஆறு மணிவரை தூங்கினேன். இருமல் இல்லை.
எதிர்வீட்டு அம்மா
கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தாள்.

ஐப்பசி அடைமழை பிடித்த மூன்றாம் நாள்
ஐந்தாம் நம்பர் வீட்டு மிதுலா வந்து நின்றாள்,
ஒடிசாவில் பலாங்கீர்ப் பக்கத்துப் பெண்,
கைக்குழந்தையின் ஈரத் துணிகளோடு.
பாய்லர் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.
"அக்கா, சூடு எங்கே?"
உள்ளேதான் இருக்கிறது, வெளியே வராது என்றேன்.
எனக்கே அது கருமித்தனமாய்க் கேட்டது.

பழைய பாய்லருக்கு மேலே ஒரு கம்பி கட்டியிருந்தார்கள்,
யார் கட்டியதென்று நான் கேட்டதில்லை.
மழைக்காலம் பூராவும் அதில்
நைட் ஷிஃப்ட்காரர்களின் சாக்ஸ்,
பள்ளிக்கூடத்துச் சீருடை,
போன வருடம் யாருடையதோ ஒரு சர்டிபிகேட், கிளிப் போட்டு.
வீண் சூடு என்று சாதிக்
பில்லின் பின்புறம் எழுதிக் காட்டிய சதவீதம்
இங்கே வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கம்பி இன்னும் இருக்கிறது.
டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து
அதைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.
எத்தனை யூனிட் ஓடுமோ,
நோட்டில் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்,
என்ன பெயரில் எழுதுவதென்று தெரியவில்லை.
அரை மணி கழித்து மிதுலா
துணியைத் தொட்டுப் பார்த்தாள்,
உதட்டைப் பிதுக்கினாள்,
மறுபுறம் திருப்பிப் போட்டாள்.